கான்கிரீட்டில் குடை விரித்த நெர்வி



ஆண்டு மலர் என்றால் அதில் விசுவேசுவரய்யா இருப்பார், எடிசன் இருப்பார், சர் சி.வி. ராமன் இருப்பார். எல்லாரும் பெரியவங்கதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தடவை சிவில் பிரிவு சார்பாக வேற ஒரு ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்தலாம்னு தோணிச்சு. பெயர் பியர் லூயிஜி நெர்வி. இத்தாலிக்காரர். 1891-ல் பிறந்து 1979-ல் மறைந்தவர். உலகம் முழுக்க ஆர்க்கிடெக்ட்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினவர். ஆனால் அவர் ஆர்க்கிடெக்ட் இல்லை. நம்ம மாதிரி சிவில்தான். அதைவிட முக்கியம், அவர் ஒரு கான்ட்ராக்டர். டெண்டர் போட்டு, ரேட் கோட் பண்ணி, லாபமோ நஷ்டமோ தன் கையிலிருந்து ஏற்றுக்கொண்டு வேலையை முடித்தவர்.

இந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது அமெரிக்காவில் இருக்கும் ஒரு கட்டிடம். வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்று ஒரு துறைமுக ஊர். கடற்படைத் தளத்துக்குப் பேர் போனது. 1970-ல் அங்கே மக்கள்தொகை சுமார் 3 லட்சம். நியூயார்க், சிகாகோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன ஊர்தான். அந்த ஊர் நடுவில் வெள்ளையாக ஒரு பெரிய கான்கிரீட் குடை கவிழ்ந்து கிடக்கிறது. பெயர் ஸ்கோப். கூடைப்பந்து, பனிக்கட்டி ஹாக்கி, சர்க்கஸ், பாட்டுக் கச்சேரி, பட்டமளிப்பு விழா எல்லாம் அதுக்குள்ளே நடக்கும். அந்தக் குடை நெர்வி மனசில் உருவானது. இத்தாலிக்காரர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்றால், அதுக்கு 40 வருஷக் கதை சொல்லணும்.

வட இத்தாலியில் மலைகளுக்கு நடுவே சோந்திரியோ என்ற சிறு ஊரில் 1891 ஜூன் 21-ல் பிறந்தார். போலோன்யா பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்து 1913-ல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் கம்பி போட்ட கான்கிரீட் புதுச் சரக்கு. கல்லூரியை விட்டதும் கான்கிரீட் வேலை மட்டுமே எடுக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்தார். போர் முடிந்து திரும்பி, 1920-களில் கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ரோமில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். 1932-க்குப் பிறகு உறவினர் பார்த்தோலியுடன் சேர்ந்து நெர்வி அண்ட் பார்த்தோலி. கடைசி வரை பெரிய வேலைகள் நடந்தது இந்தக் கம்பெனி பெயரில்தான்.

முதல் பெரிய பெயர் ஃபுளோரன்ஸ் நகர ஸ்டேடியத்தில் கிடைத்தது. 1930-லிருந்து 1932 வரை கட்டினது. பார்வையாளர் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கூரைக்கு முன்பக்கம் ஒரு தூண்கூடக் கிடையாது, முழுக்க கான்டிலீவர். வெளியே வளைந்து ஏறுகிற படிக்கட்டுகளைப் படத்தில் பார்த்தாலே தலை சுத்தும். இது ஏதோ அழகுப் போட்டியில் பரிசு வாங்கிக் கட்டினது இல்லை, நண்பர்களே. விலை குறைவு என்பதால் கிடைத்த வேலை. பூச்சு கிடையாது, அலங்காரம் கிடையாது. எது சுமையைத் தாங்குதோ அது அப்படியே வெளியே தெரியும். நெர்வியின் அழகு அங்கேதான் ஆரம்பிக்குது: காசு மிச்சம் பிடிக்கப் போய்க் கிடைத்த அழகு.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த ஸ்டேடியம் கட்டினது முசோலினி ஆட்சிக் காலத்தில். அதுக்கு வைத்த பெயரும் ஒரு பாசிஸ்ட் கட்சிக்காரன் பெயர்தான். அடுத்து அவருக்கு வந்த பெரிய வேலை விமானப்படை ஷெட்கள். எந்த அரசு கொடுத்தாலும் வேலை செய்தார் என்பது அவர் வாழ்க்கையில் இருக்கிற உண்மை. அவரைப் புகழ்கிற பல புத்தகங்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகுது. நான் தாண்ட விரும்பலை. ஆனால் இன்ஜினியரிங்காகப் பார்த்தால் அந்த ஷெட்களில்தான் மனுஷன் வளர்ந்தார்.

விமான ஷெட் என்றால் என்ன தேவை? உள்ளே தூண் இருக்கக்கூடாது, கதவுப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கணும். 1935-ல் ஓர்வியத்தோவில் ஆரம்பித்த முதல் ஷெட் சுமார் 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். கூரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலை மாதிரி விலா எலும்புகள். அன்றைக்கு இருந்த கணக்கு முறையில் இதைக் கையால் போட்டுத் தீர்க்க முடியாது. கம்ப்யூட்டர் கிடையாது. நெர்வி என்ன பண்ணினார்? மிலான் நகரில் பேராசிரியர் ஓபெர்த்தியின் சோதனைக் கூடத்தில் செல்லுலாய்டில் சின்ன மாடல் செய்து, அதன்மேல் சுமை ஏற்றி, எங்கே எவ்வளவு வளையுது என்று அளந்தார். நாம லேபில் பீம் வைத்து டிஃப்ளக்‌ஷன் ரீடிங் எடுக்கிறோமே, அதேதான். நாம ரெக்கார்டு நோட்டுக்காக எடுக்கிறோம், அவர் மேலே ஏறி நிக்கப்போற கூரைக்காக எடுத்தார்.

அந்தக் கூரை நின்றது. ஆனால் கணக்குப் பார்த்தபோது அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கான்கிரீட்டைத் தாங்கப் போட்ட மரம்! சென்ட்ரிங் பலகை, முட்டு, சட்டம்... எல்லாம் சேர்த்து ஒரு காடு. அத்தனை மரமும் ஆசாரி கையால் அறுத்து, பொருத்தி, கடைசியில் பிரித்துப் போடுவதற்காக. கான்கிரீட் என்பது எந்த வடிவத்தையும் எடுக்கக்கூடிய கூழ். ஆனால் அந்த வடிவத்தை முதலில் மரத்தில் செய்தாகணும். மரப் பலகை நேராகத்தான் இருக்கும். அதனால் கான்கிரீட்டும் நேராகப் பெட்டி பெட்டியாகத்தான் வரும். வளைவு வேண்டும் என்றால் ஆசாரிக் கூலி ஏறும். மெக்கானிக்கல் நண்பர்கள் ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறதை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு வார்ப்புக்கும் புதுப் பேட்டர்ன் அடித்து உடைத்துப் போட்டால் எந்த முதலாளி ஒத்துக்குவான்?

நெர்வியின் மிச்ச வாழ்க்கை முழுவதும் இந்தச் சென்ட்ரிங் மரத்தோடு நடத்தின சண்டை என்று சொன்னால் அது பெரிசா தப்பில்லை.

அடுத்த ஆறு ஷெட்களை 1939 முதல் 1942 வரை கட்டினார். இந்தத் தடவை கூரையின் விலா எலும்புகளைத் தரையிலேயே சின்னச் சின்னத் துண்டாக வார்த்தார். மேலே தூக்கி வைத்து, நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை வெல்டிங் பண்ணி, மூட்டில் மட்டும் கான்கிரீட் ஊற்றினார். முழுக்கூரையும் ஆறே கால்களில் நின்றது. 1944-ல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஆறு ஷெட்டுக்கும் வெடி வைத்தது. கூரை அப்படியே தரையில் வந்து விழுந்தது. நெர்வி போய்ப் பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும், துண்டுகளைச் சேர்த்த மூட்டுகளில் பெரும்பாலானவை விடவே இல்லை. எந்த லேபிலும் பண்ண முடியாத சோதனையை எதிரி படை இலவசமாகப் பண்ணிக் கொடுத்துட்டுப் போயிருந்தது. தான் கட்டினதெல்லாம் இடிந்து கிடக்கிறதைப் பார்த்து அழாமல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் எப்படிப்பட்டவர் என்று நீங்களே யோசிச்சுக்குங்க.

போர்க்காலத்தில் இத்தாலியில் மரமும் தட்டுப்பாடு, இரும்பும் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டில்தான் ஃபெரோசிமெண்ட் பிறந்தது. 1943-ல் அதுக்குக் காப்புரிமை எடுத்தார். விஷயம் ரொம்ப எளிமை. மெல்லிய கம்பி வலையைப் பல அடுக்காக வைத்து, நடுவில் சின்னக் கம்பிகள் கொடுத்து, ஜல்லி இல்லாத சிமெண்டு மணல் கலவையைக் கையால் அமுக்கிப் பூசுவது. அவ்வளவுதான். கரணையும் கையும் போதும். பலகை வேண்டாம். கோழிவலை மாதிரி நெருக்கமாகக் கம்பி பரவியிருப்பதால் விரிசல் பெரிதாகாது, வளைத்தால் கொஞ்சம் வளையும். 3 சென்டிமீட்டர் கனத்திலேயே சுவர் நிக்கும்.

இதை நம்ப யாரும் தயாராக இல்லை. அதனால் அவர் ஒரு கப்பல் கட்டினார்! நிஜமாகத்தான். 165 டன் மோட்டார் படகு, சிமெண்டுப் பூச்சில். உடல் கனம் மூன்றரை சென்டிமீட்டர் அளவுதான். மனைவி பெயர் இரேனே. படகுக்கும் அதே பெயர். ரோமுக்கு வெளியே தன் கம்பெனி யார்டில் இதே முறையில் ஒரு கிடங்கும் கட்டினார். முதலில் தன் பணம், தன் கூரை, தன் படகு. அடுத்துதான் ஊரான் கட்டிடம். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். ஃபெரோசிமெண்ட் நமக்கு அந்நியம் இல்லை. நம்ம நாட்டுக் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டியாக வந்திருக்கு. பாண்டிச்சேரி பக்கத்து ஆரோவில்லில் கூரைக்கான வளைந்த சட்டங்கள், கதவுகள், தொட்டிகள் என்று இதில் நிறையச் செய்திருக்காங்க. டூர் போகும்போது உருண்டைக் கோயில் மாதிரி இருக்கிற மாத்ரி மந்திரை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க.

போர் முடிந்ததும் டூரின் நகரம் ஒரு பெரிய கண்காட்சி மண்டபம் கேட்டது. சீக்கிரம் வேண்டும், செலவு குறையணும். 1948, 49-ல் அதைக் கட்டினார். சுமார் 95 மீட்டர் அகலத்துக்குத் தூண் இல்லாத வளைவு. கூரையை அலை அலையாக மடித்த ஃபெரோசிமெண்டுத் துண்டுகளால் போட்டார். ஒவ்வொரு துண்டும் 5 சென்டிமீட்டருக்கும் குறைவான கனம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நினைச்சுக்குங்க. அதே கனத்தில் தட்டையாக இருந்தால் காலை வைத்ததும் உடையும். அலையாக இருப்பதால் ஆள் நடந்தாலும் தாங்கும். பலம் சரக்கில் இல்லை, மடிப்பில் இருக்கு. கார் கண்காட்சிக்குக் கட்டின அந்த மண்டபம் 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிக்கட்டி ஹாக்கி மைதானமாக மாறியது. நடுவில் தூண் இல்லாத இடத்தை எதுக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம். பல உபயோக அரங்கத்தின் முதல் பாடமே அதுதான்.

இனி அவருடைய ரொம்ப அழகான வேலைக்கு வருவோம். 1960 ஒலிம்பிக் ரோமில். அதுக்காக 1956-லேயே ஒரு சின்ன விளையாட்டு அரங்கம் ஆரம்பித்தார்கள். ஆர்க்கிடெக்ட் வித்தெல்லோட்சி; கூரையும் கட்டுமானமும் நெர்வி. இத்தாலியில் பலாட்ஸெட்டோ என்று செல்லமாகச் சொல்வார்கள், குட்டி அரண்மனை என்று அர்த்தம். சுமார் 60 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டக் கூரை. நாலாயிரம் ஐயாயிரம் பேர் உட்காரலாம். கூடைப்பந்தும் பளு தூக்கலும் அங்கே நடந்தது.

அதை எப்படிக் கட்டினார் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்றேன். மற்ற பிரிவு நண்பர்களும் பக்கத்தைத் திருப்பாமல் படிங்க.

முதலில் கூரையின் ஒரு கீற்றை, ஆரஞ்சுச் சுளை மாதிரி, முழு அளவில் தரையிலேயே மாதிரியாகச் செய்தார். அதன்மேல் கோடு போட்டுச் சாய்சதுரக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அச்சு. வட்டக் கூரை என்பதால் ஒரு சுளைக்குச் செய்த அச்சையே எல்லாச் சுளைக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த அச்சுகளில் ஃபெரோசிமெண்டால் தட்டுகள் செய்தார். கவிழ்த்து வைத்த தட்டு என்று வைத்துக்கொள்ளுங்க, இரண்டரை சென்டிமீட்டர் கனம். மொத்தம் 1,620 துண்டு. கூரையின் வடிவத்துக்குக் குழாய்ச் சாரம் கட்டி, தட்டுகளைத் தூக்கிப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் விழும் இல்லையா? அதில் கம்பி வைத்தார். பிறகு மேலே மொத்தமாகக் கான்கிரீட் ஊற்றினார். வாய்க்காலில் இறங்கின கான்கிரீட் விலா எலும்பாச்சு. மேலே பரவினது மெல்லிய ஓடாச்சு. தட்டு? அதை எடுக்கவே இல்லை. சென்ட்ரிங்காக வந்த தட்டு கூரையோடு கூரையாக ஒட்டி அங்கேயே தங்கிடுச்சு!

இப்போது புரியுதா? அரங்கத்துக்குள்ளே உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறவர்கள் சூரியகாந்திப் பூ மாதிரி இருக்குன்னு ஆச்சரியப்படுகிற அந்தக் கோலம், உண்மையில் சென்ட்ரிங் தட்டுகளின் அடிப்பக்கம். யாரும் அழகுக்காக வரைந்தது கிடையாது. தட்டை எந்த அளவில் பிரித்தால் சாதாரண கிரேன் தூக்கும், எத்தனை அச்சில் வேலை முடியும் என்று பார்த்துப் பார்த்து வந்த கோடுகள். அந்தக் கூரை ஏறத்தாழ 40 நாளில் முடிஞ்சுது.

இன்னொரு விஷயம், அந்தக் கூரையின் கால்கள். கவிழ்த்த கிண்ணம் சுமையை நேராகக் கீழே இறக்காது. ஓரத்தில் வெளிப்பக்கமாகத் தள்ளும். வழுவழுப்பான தரையில் காலை அகட்டி நின்றால் கால் வெளியே வழுக்கிப் போகுமே, அப்படி. நேரான தூண் வைத்தால் அது சாயப் பார்க்கும். நெர்வி கூரையைச் சுற்றி ஆங்கில ஒய் எழுத்து வடிவத்தில் 36 தாங்கிகளைச் சாய்வாக வைத்தார், கூரை எந்தச் சாய்வில் தள்ளுதோ அதே சாய்வில். கீழே மண்ணுக்குள் ஒரு பெரிய வளையம், இழுத்து முறுக்கின கம்பி போட்டது. எல்லாக் காலையும் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. வெளியே நின்று பார்த்தால் ஒரு கூடாரத்தைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். உண்மையில் அந்தக் கால்கள் இழுக்கலை, முட்டுக் கொடுக்குது.

இதே முறையில் ரோமில் பெரிய அரங்கமும் கட்டினார், 100 மீட்டர் விட்டம். காசியஸ் கிளே என்ற 18 வயசுப் பையன் 1960-ல் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினது அந்தக் கூரைக்குக் கீழேதான். பிற்பாடு முகமது அலி என்று உலகம் அறிந்தவர். அந்த ஒலிம்பிக் படங்கள் பத்திரிகைகளில் உலகம் சுற்றின. நெர்வியின் பெயரும் கூடவே சுற்றிச்சு. பாரிசில் யுனெஸ்கோ கட்டிடம், மிலானில் பிரெல்லி மாடிக் கட்டிடம் என்று வேறு ஆர்க்கிடெக்ட்களுடன் சேர்ந்து செய்த வேலைகள் ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தன. 1960-ல் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் சங்கமும் 1964-ல் அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கமும் தங்கப் பதக்கம் கொடுத்தன. இன்ஜினியருக்கு! ஹார்வர்டில் அழைத்துச் சொற்பொழிவு ஆற்ற வைத்தார்கள். ரோம் பல்கலைக்கழகத்தில் 1946 முதல் 1961 வரை ஆர்க்கிடெக்ட் மாணவர்களுக்குக் கட்டுமானப் பாடம் எடுத்தார்.

இந்தப் புகழ் காலத்தில்தான் நார்ஃபோக் வருது.

அந்த ஊரின் நடுப்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழசாகிப் போய், மக்கள் வெளிப்பகுதிகளுக்குக் குடிபோக ஆரம்பித்திருந்தார்கள். நகராட்சி, மத்திய அரசுப் பணத்தை வாங்கி, பழைய தெருக்களை இடித்துத் தள்ளியது. 1949 வீட்டு வசதிச் சட்டத்தின்படி இந்த இடிப்பை முதலில் கையில் எடுத்த ஊர்களில் அது ஒன்று. இடிபட்ட வீடுகளில் பெரும்பாலும் இருந்தது ஏழைக் கறுப்பின மக்கள். குடிசை மாற்று என்று வந்தால் யார் வீடு முதலில் போகும் என்பது எந்த நாட்டிலும் மாறலை போல. காலியான நகர மையத்துக்குத் திரும்ப ஆள் வரவழைக்கணும். அதுக்கு அரங்கம், நாடகக் கூடம், கண்காட்சிக் கூடம், அடியில் 600 கார் நிறுத்துமிடம் எல்லாம் சேர்ந்த ஒரு வளாகம் என்று முடிவாச்சு. உள்ளூர் ஆர்க்கிடெக்ட் கம்பெனியான வில்லியம்ஸ் அண்ட் டேஸ்வெல் வளாகம் முழுவதையும் வடிவமைத்தது. குடை மட்டும் நெர்வியிடமிருந்து வந்தது.

1968 ஜூனில் வேலை தொடங்கி 1971 நவம்பர் 12-ல் திறந்தார்கள். செலவு 3 கோடியே 50 லட்சம் டாலர். அதில் 2 கோடியே 30 லட்சம் மத்திய அரசு கொடுத்தது. குடைக்கு அடியில் தூண் இல்லாத விட்டம் 336 அடி. சாய்வுக் கால்களையும் சேர்த்தால் 440 அடி. உயரம் 110 அடி. சுற்றி 24 சாய்வுத் தாங்கிகள். ரோமில் இருந்த குட்டி அரண்மனையின் தம்பி என்று பார்த்ததுமே தெரியும், ஆனால் தம்பி அண்ணனைவிட ரொம்பப் பெரிசு. கம்பி போட்ட மெல்லிய கான்கிரீட் கூரைகளில் உலகத்திலேயே பெரியது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்கோப் என்ற பெயரும் கெலைடாஸ்கோப்பிலிருந்து வந்ததுதான். திருப்பத் திருப்ப வேறு வேறு கோலம் காட்டும் இல்லையா, அதுபோல அரங்கமும் மாறும் என்று.

மாறுவது லேசான வேலை இல்லை, நண்பர்களே. பனிக்கட்டி ஹாக்கிக்குத் தரைக்கு அடியில் குழாய் ஓடணும், அதில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கணும். மறுநாள் கூடைப்பந்து என்றால் பனியை உருக்க மாட்டார்கள், அதன்மேலேயே வெப்பம் கடத்தாத பலகை பரப்பி, அதுக்குமேல் மரத்தளம் பொருத்துவார்கள். கச்சேரி என்றால் கூரையிலிருந்து டன் கணக்கில் விளக்கும் ஒலிபெருக்கியும் தொங்கும். வட்டக் கூரை சத்தத்தை ஓரிடத்தில் குவிக்கப் பார்க்கும், அதைச் சமாளிக்கணும். ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேலே ஆள் வெளியேற வழி இருக்கணும். ஹாக்கித் தரை நீளம், குத்துச்சண்டை மேடை குட்டி. இரண்டுக்கும் உட்காருகிறவன் பக்கத்தில் இருந்து பார்க்கணும் என்றால் நாற்காலி வரிசைகள் நகரணும். சிவில் மட்டும் இல்லை. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எல்லாரும் சேர்ந்தால்தான் அப்படி ஒரு இடம் ஓடும்.

கூடைப்பந்து உலகத்தில் பெயர் பெற்ற ஜூலியஸ் எர்விங் தன் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கின 1971-ல், அவர் இருந்த வர்ஜீனியா ஸ்குவயர்ஸ் அணி ஆடின அரங்கங்களில் இதுவும் ஒன்று. எல்விஸ் பிரெஸ்லி 1970-களில் இங்கே பாடினார். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துக்குத் தேசிய அளவில் இப்போது நடக்கிற போட்டி 1982-ல் முதல் முறை நடந்தபோது அதன் இறுதிக் கட்டம் இந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்தது. மறுவருஷமும் அங்கேயேதான். மூணு லட்சம் பேர் இருந்த ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி எனக்குள்ளே இருக்கு. நெர்வி ரோமில் செய்ததும் நார்ஃபோக்கில் செய்ததும் ஒண்ணா? ரோமில் அவர் படம் போட்டார், அவர் கம்பெனியே கட்டினது. அச்சு எப்படி, கலவை எப்படி, கிரேன் எவ்வளவு தூக்கும், கொத்தனார் ஒரு நாளைக்கு எத்தனை தட்டுப் பூசுவார், எல்லாம் அவருக்குத் தெரியும். அமெரிக்காவில் அவர் வெறும் ஆலோசகர். கட்டுகிறவர் வேறு ஆள். அதோடு அங்கே மரமும் இரும்பும் மலிவு, கையால் பூசுகிற ஆள் கூலி அதிகம். இத்தாலியில் நேர்மாறு. கையால் வலை விரித்துக் கலவை அமுக்குகிற முறை மரம் இல்லாத, ஆள் இருக்கிற நாட்டில் பிறந்தது. சரக்கு மலிவான நாட்டில் அதே வடிவம் ஆடம்பரமாகிப் போச்சு. செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த கோலத்தை அங்கே விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம். அப்படிப் பார்த்தால் நெர்வியின் உண்மையான வாரிசு எந்த நாட்டில் இருக்கணும்? சித்தாளும் கொத்தனாரும் காலையில் டீக்கடை முன்னால் வேலைக்குக் காத்து நிக்கிற, சென்ட்ரிங் பலகை வாடகை கேட்டாலே மேஸ்திரி பெருமூச்சு விடுகிற நாட்டில். அது எந்த நாடுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் காலத்திலேயே அந்த முறை மங்க ஆரம்பித்துவிட்டது. இத்தாலியிலும் கூலி ஏறியது. பெரிய அரங்கங்களுக்கு இரும்புச் சட்டம், கேபிள், துணிக் கூரை என்று வேறு வழிகள் வந்தன. நெர்வி மட்டும் விடலை. 1971-ல்தான் வத்திக்கானில் போப் மக்களைச் சந்திக்கிற பெரிய மண்டபமும் முடிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலயத்தின் கூரைக்கும் அவர் கை பட்டிருக்கு. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிக்கு ஏற்கெனவே 1962-ல் ஒரு விளையாட்டுக் கூடம் வடிவமைத்திருந்தார். அதே கல்லூரிக்கு 1975-ல் ஹாக்கி அரங்கம் திறந்தபோது அவருக்கு வயது 84. அது இருக்கிற ஹானோவர், நார்ஃபோக்கைவிட எவ்வளவோ சிறிய ஊர். மகன்களும் கூடவே வேலை பார்த்தார்கள். 1979 ஜனவரி 9-ல் ரோமில் காலமானார்.

அவர் கட்டினவை எல்லாம் ஒரே மாதிரி வாழலை. 1959-ல் மகன் அந்தோனியோவுடன் சேர்ந்து முடித்த ரோமின் ஃபிளாமினியோ ஸ்டேடியம் 2011-க்குப் பிறகு ஆட்டம் இல்லாமல், புல் முளைத்து, பூட்டியே கிடந்தது. அதுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற குட்டி அரண்மனையைச் சில வருஷம் மூடிப் பழுது பார்த்து 2022-ல் திரும்பத் திறந்தார்கள். ஃபுளோரன்ஸ் ஸ்டேடியத்தை இடிப்பதா மாற்றுவதா என்று 2020 வாக்கில் பெரிய சண்டை நடந்தது. உலகம் முழுக்க இன்ஜினியர்களும் ஆர்க்கிடெக்ட்களும் இடிக்கக் கூடாது என்று குரல் கொடுத்தார்கள். கடைசியில் பழைய கட்டிடத்தை வைத்துக்கொண்டே புதுப்பிக்கிற திட்டத்துக்கு 2022-ல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

நார்ஃபோக் குடைக்குக் கீழே ஹாக்கியும் கூடைப்பந்தும் அரை நூற்றாண்டைத் தாண்டியும் நடந்துகொண்டு வந்திருக்கு. ஆட்டம் மும்முரமாக இருக்கும்போது அங்கே மேலே பார்க்கிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். இடைவேளையில், சோளப்பொரிப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், நடு உச்சியிலிருந்து ஓரம் வரை அந்த முக்கோணத் துண்டுகளும் அவற்றுக்கு நடுவே ஓடுகிற விலா எலும்புகளும் தெரியும்.